நம்பர் வண்டிக்கு, பேர் யாருக்கு?

சங்ககிரியில் யாரும் லாரியை லாரி என்று சொல்வதில்லை. "நாப்பது இருபத்தொண்ணு பூனாவுல நிக்குதுங்க", "எழுவத்தேழு பத்துக்குப் பின் டயர் ரெண்டும் போச்சு" என்றுதான் புக்கிங் ஆபீஸ் பெஞ்சுகளில் பேச்சு நடக்கும். அந்த நாலு இலக்கத்தைச் சொன்னால் போதும். கேட்பவருக்கு வண்டி தெரியும், முதலாளி தெரியும், நாமக்கல்லில் எந்தப் பட்டறையில் பாடி கட்டியது என்று தெரியும், பைனான்ஸில் எத்தனை தவணை பாக்கி என்பதுகூடத் தெரியும். அந்த வண்டியை ஓட்டிக்கொண்டு போனவர் பேரைக் கேட்டுப் பாருங்கள். "யாரோ எடப்பாடிப் பக்கத்துப் பையனுங்க" என்பார்கள்.

என் வேலைக்காலத்தில் பெரும்பகுதி வாகனப் பதிவு ஏடுகளோடு கழிந்தது. ஆர்.சி. புத்தகத்தில் எல்லாவற்றுக்கும் ஒரு கட்டம் உண்டு. சேஸிஸ் எண், என்ஜின் எண், உரிமையாளர், அவர் தகப்பனார், கடன் கொடுத்தவர், காலி வண்டியின் எடை, பாரத்தோடு எடை. ஓட்டுநருக்கு மட்டும் கட்டம் கிடையாது. சட்டப்படி அது சரிதான். வண்டி ஒரு சொத்து. சொத்துக்கு உடையவன் பேர்தான் வேண்டும். ஆனால் ஒரே ஓர் இடத்தில் இந்தக் கணக்கு தலைகீழாக இருக்க வேண்டும். அது பந்தயத் திடல். அங்கே காசு போட்டவர் யார் என்பது கடைசி வரியில் வரட்டும். ஓட்டியவன் யார், ஓடும்படி செய்தவன் யார் என்பதுதான் முதல் வரி. நம் பக்கத்துக் கார் பந்தயங்களைப் பொறுத்தவரை அந்த முதல் வரியைத்தான் நாம் எழுதாமல் விட்டுவிட்டோம் என்பது என் கட்சி.

பந்தயக் கார் என்றதும் உங்களுக்குத் தொலைக்காட்சியில் வரும் தட்டான்பூச்சி மாதிரியான ஒற்றை இருக்கை வண்டி நினைவுக்கு வரலாம். நான் சொல்வது அதையல்ல. அமெரிக்காவில் "ஸ்டாக் கார்" பந்தயம் என்று ஒன்று உண்டு. கடையில் ஸ்டாக்கில் இருக்கும் கார், அதாவது நீங்களும் நானும் வாங்கி மளிகைக்கடைக்குப் போகிற அதே கார். ஆரம்பத்தில் அதில்தான் பந்தயம் நடந்தது. அங்கே மதுவிலக்குக் காலத்திலும் அதற்குப் பிறகும் கள்ளச்சாராயம் கடத்தியவர்கள் போலீஸ் ஜீப்புக்குத் தப்ப வண்டியை முறுக்கேற்றி ஓட்டப் பழகினார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்களுக்குள்ளேயே யார் வேகம் என்று பார்த்துக்கொண்டார்கள். 1948-ல் நாஸ்கார் என்ற அமைப்பு பிறந்து அதை ஒழுங்குபடுத்தியது. 1949 ஜூனில் ஷார்லட் நகரில் நடந்த முதல் ஸ்டாக் கார் பந்தயத்தில் முதலில் வந்தவருடைய வெற்றியே செல்லாது என்றார்கள். காரணம், பின்பக்க ஸ்பிரிங் பட்டையில் கை வைத்திருந்தது. சாராயப் பாரம் ஏற்றினாலும் வண்டி தாழாமல் இருப்பதற்கான ஏற்பாடு அது! நம் ஊர் லாரிப் பட்டறைக்காரர்கள் இதைப் படித்தால் சிரிப்பார்கள்.

அந்தப் பந்தயங்களில் எண்ணும் ஆளும் ஒட்டிப் பிறந்த மாதிரி ஆகிவிட்டார்கள். ரிச்சர்ட் பெட்டி என்றால் 43. அப்பா லீ பெட்டி 42-ல் ஓட்டினார். மகன் அடுத்த எண்ணை எடுத்துக்கொண்டார். 200 வெற்றி, 7 முறை சாம்பியன். 200-வது வெற்றி 1984 ஜூலை 4-ம் தேதி டேட்டோனாவில். ஜனாதிபதி ரீகனே வந்து பார்த்தார். டேல் எர்ன்ஹார்ட் என்றால் 3. 2001 பிப்ரவரி 18-ல் டேட்டோனாவில் கடைசிச் சுற்றில் சுவரில் மோதி இறந்தார். அந்த வருடம் மற்றப் பந்தயங்களில் மூன்றாவது சுற்று வந்ததும் கூட்டம் எழுந்து நின்று மூன்று விரலைத் தூக்கிக் காட்டி மௌனமாக நிற்கும். முதல்நிலைப் பந்தயத்தில் 2014 வரை அந்த எண்ணை வேறு யாரும் ஓட்டவில்லை. பிறகுதான் கார் முதலாளியின் பேரன் எடுத்து ஓட்டினார். இத்தனைக்கும் சட்டப்படி எண் ஓட்டுநருக்குச் சொந்தம் இல்லை. நாஸ்கார்தான் அணிகளுக்கு எண்ணைக் கொடுக்கிறது, நம் ஆர்.டி.ஓ. மாதிரி. ஏட்டில் எண் யாருக்கோ சொந்தம். ஜனங்களின் வாயில் அது ஓட்டியவனுக்குச் சொந்தம்.

ஒரு குமாஸ்தாவாகச் சொல்கிறேன், பந்தயக் காரில் எண் எழுதுவது ஓட்டுநருக்காக அல்ல, பார்க்க வந்தவர்களுக்காகவும் அல்ல. ஓரத்தில் மேசை போட்டு, தாளும் பென்சிலும் வைத்துக்கொண்டு, எந்த வண்டி எத்தனை சுற்று முடித்தது என்று கோடு கிழித்துக்கொண்டிருப்பவருக்காக. அதாவது இன்னொரு குமாஸ்தாவுக்காக. கம்ப்யூட்டர் வருவதற்கு முன் பந்தயத்தின் முழு நியாயமும் அந்தத் தாளில்தான் இருந்தது.

அந்தத் தாள் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு வெண்டல் ஸ்காட் கதையைச் சொல்ல வேண்டும். வர்ஜீனியா மாநிலத்தில் டான்வில் என்ற ஊர்க்காரர். கறுப்பினத்தவர். டாக்சி ஓட்டினார், ராணுவத்தில் மெக்கானிக்காக இருந்தார், சாராயமும் கடத்தினார். பிறகு பழைய கார் வாங்கித் தானே பழுது பார்த்து, தானே ஓட்டினார். எண் 34. 1963 டிசம்பர் 1-ம் தேதி ஜாக்சன்வில்லில் அவர் முதலில் வந்தார்; கொடியசைத்து வெற்றி என்று அறிவித்தது இன்னொருவரை. கோப்பையும் அவருக்கே போனது. கூட்டம் கலைந்த பிறகு சுற்றுக் கணக்கைத் திரும்பப் பார்த்தபோது ஸ்காட் இரண்டு சுற்று முன்னால் இருந்தது தெரிந்தது. கணக்குப் பிழை என்றார்கள். வெள்ளைக்கார அழகுராணி ஒரு கறுப்பருக்குக் கோப்பை கொடுத்து முத்தமிடும் காட்சி வேண்டாம் என்றுதான் அப்படிச் செய்தார்கள் என்று சொல்பவர்கள் அன்றும் உண்டு, இன்றும் உண்டு. வெற்றி பிற்பாடு அவர் பேருக்கு மாறியது. கோப்பை? ஸ்காட் 1990-ல் இறந்தார். 2021-ல்தான் நாஸ்கார் அவர் குடும்பத்தின் கையில் கோப்பையைக் கொடுத்தது. 58 வருடம். 495 பந்தயம் ஓடியவருக்கு அந்த உயர்மட்டப் பந்தயத்தில் அது ஒன்றுதான் வெற்றி.

இதில் எனக்குப் படும் விஷயம் அநியாயம் மட்டுமல்ல. 58 வருடம் கழித்தாவது திருத்த முடிந்ததே, அது எப்படி? சுற்றுக் கணக்கு இருந்தது. 34-ம் எண்ணுக்கு எதிரே ஒரு பேர் இருந்தது. ஏடு தவறலாம், ஏடே இல்லாவிட்டால் திருத்துவதற்கு எதைத் திறப்பது?

(இடையில் ஒன்று. எண் கூட்டுத்தொகை பார்க்கும் நண்பர்களுக்கு: 43-ம் 7, 34-ம் 7. ஒருவருக்கு 200 வெற்றி, ஒருவருக்கு ஒன்று. கவுன்டரில் வந்து "கூட்டினா எட்டு வரக்கூடாதுங்க சார்" என்று கெஞ்சியவர்கள் எத்தனை பேர்! அவர்களுக்கு அப்போது சொல்ல இந்தக் கணக்கு எனக்குக் கிடைக்கவில்லை.)

இனி நம் பக்கம் வருவோம். சோழவரம் என்றால் இன்றைய பிள்ளைகளுக்குச் சென்னைக்குக் குடிநீர் கொடுக்கும் ஏரி. எங்கள் தலைமுறைக்கு அது கார் பந்தயம். இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளம் ஒன்று அங்கே சும்மா கிடந்தது. 1953-ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அதில் பந்தயம் நடத்தியது. கல்கத்தாக்காரர்களுக்குப் பாரக்பூர் ஓடுதளம், நமக்குச் சோழவரம். 1990-ல் ஸ்ரீபெரும்புதூருக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டையில் கிளப் சொந்தமாகத் தளம் கட்டும்வரை தென்னிந்தியாவின் பந்தயம் என்றால் அதுதான்.

1970-களின் கடைசியில் சென்னையில் வேலை பார்த்தபோது இரண்டு வருடம் போயிருக்கிறேன். குளிர் விட்டு வெயில் ஏறத் தொடங்கும் மாதம். வைக்கோல் கட்டும் பழைய டயரும் அடுக்கி வளைவு பிரித்திருப்பார்கள். நிழல் என்பது பேச்சுக்கும் இல்லை. வெளிநாட்டிலிருந்து வந்த ஒற்றை இருக்கை வண்டிகள் கிழித்துக்கொண்டு போகும்போது எல்லாரும் வாயைப் பிளந்து பார்ப்போம். ஆனால் கூட்டம் உண்மையில் எழுந்து நின்று கத்தியது உள்நாட்டுக் கார் பந்தயத்துக்குத்தான். பியட், ஸ்டாண்டர்டு ஹெரால்டு, அம்பாசடர். நம் தெரு டாக்டர் வைத்திருக்கும் அதே பியட்! 1089 சி.சி. என்ஜின், கலியாணத்துக்கு எட்டுப் பேரை அடைத்துக்கொண்டு போகிற வண்டி, அது வளைவில் ஒரு பக்கச் சக்கரம் தரையை விட்டு எழும்ப வருகிறது. ஜனங்களுக்கு அதில் இருந்த ஆனந்தம் வேறு. பெரிய யானை ஓடுவது வேடிக்கை. நம் வீட்டு மாடு ஓடுவது மானப் பிரச்சினை.

அந்தக் கார்களின் எண் எதனால் ஆனது தெரியுமா? பல வண்டிகளில் கதவில் ஒரு வெள்ளை வட்டம் ஒட்டி, அதன்மேல் எலக்ட்ரீஷியன் வைத்திருக்கும் கறுப்பு இன்சுலேஷன் டேப்பைத் துண்டு துண்டாக நறுக்கி ஒட்டியிருந்தார்கள். 17 என்றால் மூன்று துண்டு. 8 போட வேண்டி வந்தவன் பாவம். ஒலிபெருக்கியில் இங்கிலீஷில் வர்ணனை. "கார் நம்பர் செவன்டீன்" என்பது மட்டும் தெளிவாகக் கேட்கும். பேர் சொல்லும்போது ஏதாவது ஒரு வண்டி கத்திக்கொண்டு போய்விடும். மாலையில் பந்தயம் முடிந்ததும் டேப்பை உரித்து எறிந்துவிட்டு, சைலன்சரைத் திரும்ப மாட்டி, அதே காரில் வீட்டுக்குப் போனவர்களை நான் பார்த்தேன். அடுத்த வருடம் அதே காருக்கு வேறு எண். எண் ஒருநாள் பூவாகத்தான் இருந்தது. பெட்டிக்கு 43 ஒட்டிக்கொண்ட மாதிரி இங்கே யாருக்கும் ஒன்றும் ஒட்டாமல் போனதற்கு அந்த டேப்பும் ஒரு காரணம்.

எந்த எண் யாருடையது என்று அச்சிட்ட நிகழ்ச்சி நிரல் விற்றார்கள். வாங்கினோம், விசிறிக்கொண்டோம், வேர்க்கடலையை அதில் கொட்டித் தின்றோம்.

இன்று சோழவரத்தைப் பற்றி யாராவது எழுதினால் என்ன எழுதுகிறார்கள்? கோண்டல் அரச குடும்பத்தின் கார், எண்பதுகளின் தொடக்கத்தில் விஜய் மல்லையா ஓட்டிய என்சைன் பார்முலா ஒன் கார். அவை வந்தது உண்மை, ஜனங்கள் வியந்ததும் உண்மை. ஆனால் காசு கொடுத்து வாங்கி வந்த வண்டி வேகமாக ஓடியதில் நம்முடைய கெட்டிக்காரத்தனம் எங்கே இருக்கிறது? அது கட்டியவன் கெட்டிக்காரத்தனம். இறக்குமதிக்கு ஆயிரம் தடை இருந்த காலத்தில், ஒரு பியட்டின் சிலிண்டர் ஹெட்டைப் பட்டறையில் இழைத்து அழுத்தம் கூட்டி, காற்றுப் போகும் வழியை உள்ளுக்குள் தேய்த்து மெருகேற்றி, ஸ்டியரிங்கில் இருந்த கியரைத் தரைக்கு இறக்கி, சீட்டைக் கழற்றி, இரும்புக் குழாயை வளைத்துக் கூண்டு கட்டி ஓட்டினானே, அவன்தான் நம் ஆள்.

இப்படிப்பட்டவர் ஒருவர் எங்கள் ஊரிலேயே இருந்தார். மேஸ்திரி என்றுதான் எல்லாரும் கூப்பிடுவோம். சின்ன வயதில் கோவையில் ஒரு பட்டறையில் வேலை. அந்தப் பட்டறை பந்தயத்துக்குக் கார் தயார் செய்யும். கோவையிலிருந்து சோழவரம் போகும் கார்கள் நம் சங்ககிரி வழியாகத்தானே போக வேண்டும். லாரியில் கட்டிய காருக்கு மேலேயே தானும் உட்கார்ந்து, இங்கே வந்ததும் இறங்கி அம்மாவைப் பார்த்துவிட்டுப் போவாராம். பிற்பாடு ஊருக்கே திரும்பி லாரி என்ஜின் வேலை பார்த்தார். இரண்டு வருடம் முன்னால் காலமாகிவிட்டார்.

அவரிடம் ஒருநாள் பேசிக்கொண்டிருந்தபோது, ஹெட்டை எவ்வளவு இழைக்கலாம் என்பதை எப்படி முடிவு செய்வீர்கள் என்று கேட்டேன். "அளவெல்லாம் கருவியில பாப்பமுங்க. ஆனா கடைசி நூலு காதுலதானுங்க இருக்குது. பெட்ரோல் மட்டமா இருந்தா டக்கு டக்குன்னு தட்டும். தட்டுனா ஒரு நாளைக்கி ஓடும், மறுநாள் பிஸ்டன் ஓட்டையாயிரும்" என்றார். பந்தயத்தன்று டேங்கில் எத்தனை லிட்டர் ஊற்றுவது என்பதுகூட அவர் கணக்குத்தான். ஒரு லிட்டர் கூடினால் அந்த எடையையும் சேர்த்து இழுக்க வேண்டும் என்பார். உங்கள் பேர் எங்காவது வந்ததா என்று கேட்டதற்குச் சிரித்தார். "நம்பரு வண்டிக்குத்தானுங்களே சார். நாமெல்லாம் டிக்கியில கெடக்கற ஜாக்கி மாதிரிங்க. வண்டி நின்னாத்தான் தேடுவாங்க."

பிரான்ஸை இழுக்காமல் இவருக்கு ஒரு கட்டுரை முடியாது என்று என் வீட்டுக்காரி சொல்வாள். பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்த தோஷம். ஆனால் இது பொருத்தமான கதை. 1894 ஜூலை 22-ல் பாரிசிலிருந்து ரூவான் நகரம் வரை, சுமார் 126 கிலோமீட்டர், குதிரை இல்லாத வண்டிகளுக்குப் போட்டி வைத்தது 'லெ பெத்தி ழுர்னால்' என்ற பத்திரிகை. வண்டிகளுக்கு எண் உண்டு. முதலில் போய்ச் சேர்ந்தவர் தெ தியோன் பிரபு, நீராவி வண்டியில். முதல் பரிசு அவருக்குக் கிடைக்கவில்லை. அவர் வண்டிக்கு அடுப்பில் கரி போட இன்னோர் ஆள் தேவைப்பட்டது. தனி ஆள் ஓட்ட முடியாத வண்டிக்கு முதல் பரிசு இல்லை என்று பானார், பெஜோ கம்பெனிகளுக்குப் பகிர்ந்து கொடுத்தார்கள். பிரபுவை வரலாறு மறக்கவில்லை. அவருடைய பரிசு கைநழுவக் காரணமான அந்தக் கரி போட்ட மனிதரை எந்தப் பாடப்புத்தகமும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை. 130 வருடத்துக்கு முந்தைய கிளீனர்!

பெஜோ என்றதும் இன்னொன்று. 2025 ஜனவரியில் துபாயில் 24 மணி நேரப் பந்தயத்தில் நடிகர் அஜித் குமாரின் அணி அதன் பிரிவில் மூன்றாம் இடம் பிடித்ததே, அந்தப் போர்ஷே காரின் எண் 901. போர்ஷே கம்பெனி தன் புகழ்பெற்ற காரை 1963-ல் வெளியிட்டபோது வைத்த பேரும் 901-தான். நடுவில் பூஜ்யம் வரும் மூன்று இலக்கப் பேர் பிரான்சில் எங்களுக்கே உரியது என்று பெஜோ மல்லுக்கு நின்றது. 203, 404 என்று பேர் வைத்தே பழகியவர்கள் அல்லவா? போர்ஷே ஒதுங்கி 911 என்று மாற்றிக்கொண்டது. ஓர் எண்ணுக்காக இரண்டு பெரிய கம்பெனிகள் முட்டிக்கொண்ட கதை. பேன்ஸி நம்பருக்காக நம் ஆட்கள் கவுன்டரில் முட்டிக்கொள்வதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

என் வயதுக்காரர் ஒருவர் இதையெல்லாம் கேட்டுவிட்டு, "பணக்காரப் பிள்ளைங்க பெட்ரோலைக் கொளுத்தின விளையாட்டு. அதுக்கு எதுக்குங்க வரலாறு?" என்றார். அவர் சொல்வதில் பாதி சரி. மில் வைத்திருந்தவர்கள், எஸ்டேட் வைத்திருந்தவர்கள்தான் பெரும்பாலும் ஸ்டியரிங்கைப் பிடித்தார்கள். சம்பளக்காரனுக்குக் கார் என்பதே எட்டாத காலம். ஆனால் மீதிப் பாதியைப் பாருங்கள். கோவையில் எஸ். கரிவரதன் என்று ஒருவர். அவரும் மில் குடும்பம்தான். தான் ஓட்டியதோடு நிற்கவில்லை. மாருதி 800 என்ஜினை வைத்து உள்நாட்டிலேயே ஒற்றை இருக்கைப் பந்தயக் கார் செய்தார், எண்பதுகளின் கடைசியில். பார்முலா மாருதி என்று பேர். வெளிநாட்டு வண்டிக்கு லட்சங்களைக் கொட்ட முடியாதவனும் தகுதி இருந்தால் ஓட்டலாம் என்ற நிலை அதனால்தான் வந்தது. 1995-ல் சிறிய விமானம் ஒன்று விழுந்து கோவையிலேயே இறந்தார். வயது 41. செட்டிப்பாளையத்தில் 2003-ல் திறந்த பந்தயத் தளத்துக்கு அவர் பேர்தான்: கரி மோட்டார் ஸ்பீட்வே. அவருக்கு ஒரு தளமாவது இருக்கிறது. அந்தக் காரின் சட்டத்தை வெல்டிங் வைத்தவர்கள், பைபர் உடலை வார்த்தவர்கள் கோவையின் சந்துகளில்தான் எங்கேயோ பேரன் பேத்தியோடு உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் பேர் எதில் இருக்கிறது?

அந்தப் பார்முலா மாருதியில் 1992-ல் முதல் பந்தயம் ஓடி மேடையேறிய பையன்தான் நரேன் கார்த்திகேயன். தந்தை ஜி.ஆர். கார்த்திகேயனும் ராலி ஓட்டுநர். 2005-ல் நரேன் ஜோர்டன் அணியின் 19-ம் எண் காரில் பார்முலா ஒன் ஓட்டிய முதல் இந்தியர் ஆனது எல்லாருக்கும் தெரியும். அமெரிக்கப் பந்தயத்தில் டயர் தகராறால் ஆறு கார் மட்டுமே ஓடி, அவர் நான்காவதாக வந்தார். நம் லாரி ஊர்க்காரர்களுக்கு அவ்வளவாகத் தெரியாதது வேறு. அதே நரேன் 2010-ல் நான் மேலே சொன்ன ஸ்டாக் கார் உலகத்துக்குப் போனார். நாஸ்கார் நடத்தும் டிரக் பந்தயம். நம் லாரி இல்லை, பிக்கப் வண்டி. மார்ச் 27-ம் தேதி மார்ட்டின்ஸ்வில்லில் முதல் ஓட்டம், 60-ம் எண் ஷெவர்லே, 13-வது இடம். அந்த வருட முடிவில் ரசிகர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த அபிமான ஓட்டுநர் அவர்தான். மார்ட்டின்ஸ்வில் எங்கே இருக்கிறது என்று வரைபடத்தில் தேடினேன். வெண்டல் ஸ்காட்டின் ஊரான டான்வில்லுக்குப் பக்கத்து ஊர். ஐம்பது கிலோமீட்டர்கூட இருக்காது, நமக்குச் சேலம் மாதிரி.

அதைவிடவும் நம் ஊர் கொண்டாடியிருக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. 2014-ல் டாடா கம்பெனி நொய்டாப் பக்கம் புத் பந்தயத் தளத்தில் லாரிப் பந்தயம் தொடங்கியது. உண்மையான லாரி, பிரைமா. முதல் இரண்டு வருடம் ஓட்டியவர்கள் வெள்ளைக்காரர்கள். 2016-ல், சாலையில் சரக்கு ஏற்றிப் பிழைக்கும் நம் நாட்டு லாரி ஓட்டுநர்களையே பொறுக்கியெடுத்துப் பயிற்சி கொடுத்து, பந்தய உடையும் ஹெல்மெட்டும் மாட்டி, எண் எழுதிய லாரியில் ஓடவிட்டார்கள். வாழ்நாள் முழுக்க "ஏய் டிரைவர்" என்று கூப்பிடப்பட்டவனை மைக்கில் பேர் சொல்லி அழைத்தார்கள். சங்ககிரி, நாமக்கல், திருச்செங்கோடு மூன்று ஊரிலும் இந்தச் செய்தியைத் தெரிந்தவர்களை விரல்விட்டு எண்ணலாம். டீசல் விலை ஐம்பது பைசா ஏறினால் நமக்கு நிமிடத்தில் தெரிகிறது.

ஆகவே நான் கேட்பது சிலையோ மணிமண்டபமோ இல்லை. பழைய பந்தயங்களின் பதிவுத் தாள்கள் எந்தக் கிளப்பின் அலமாரியில், எந்த வீட்டுப் பரணில் இருந்தாலும், அதை வெளியே எடுத்து எண்ணுக்கு எதிரே பேரை எழுதிப் போட வேண்டும். ஓட்டுநர் பேரோடு, கூடவே வண்டி தயார் செய்தவர் பேரையும் இரண்டாவது பத்தியில். வெற்றி பெற்றவரோடு நிறுத்தாமல், பாதியில் நின்றுபோன வண்டிக்கும் சேர்த்து. அன்று இருபது வயதில் டேப் ஒட்டியவனுக்கு இன்று எழுபது தாண்டிவிட்டது. இது அடுத்த தலைமுறை செய்ய முடிகிற வேலை இல்லை. அவர்களுக்குப் படத்தைப் பார்த்தால் கார்தான் தெரியும், முகம் தெரியாது.

என் பங்குக்கு ஒன்றைத் தொடங்கியிருக்கிறேன். மேஸ்திரியின் மகன் சென்ற மாதம் ஒரு புகைப்படம் கொண்டுவந்து கொடுத்தார். கறுப்பு வெள்ளை. ஓலைப் பந்தல் ஒன்றின் முன்னால் ஒரு பியட், கதவில் 27, இரண்டில் ஒரு டேப் துண்டு பிரிந்து தொங்குகிறது. ஐந்து பேர் நிற்கிறார்கள். இடது ஓரம் மேஸ்திரி, கையில் ஸ்பேனர், மீசை அப்போதுதான் அரும்பியிருக்கிறது. அவருக்குப் பக்கத்தில் இருப்பவர் அதே பட்டறையில் டிங்கர் வேலை பார்த்தவர் என்று மேஸ்திரியின் சம்சாரம் அடையாளம் சொன்னார்கள். அவர் பேரையும் சேர்த்துப் படத்தின் பின்பக்கம் பென்சிலால் எழுதிவிட்டேன். பேனாவால் எழுதாதீர்கள், மை முன்பக்கம் ஊறும். மீதி மூன்று பேர் யார் என்று தெரிய வேண்டும். நடுவில் கழுத்துப் பட்டையோடு பந்தய உடையில் இருப்பவர் ஓட்டியவராக இருக்க வேண்டும். வலது கைக்கு மேல் மணிக்கட்டில் கட்டுப் போட்டிருக்கிறார். அவருக்குப் பின்னால் ஒரு பெரியவர், தலையில் துண்டு. வலது ஓரத்தில் பெட்ரோல் டின்னைப் பிடித்துக்கொண்டு பன்னிரண்டு, பதிமூன்று வயதுப் பையன் ஒருவன், பொத்தான் இல்லாத சட்டை. எழுபதுகளின் கடைசியில் கோவைப் பட்டறைகளில் வேலை பார்த்தவர்கள், அல்லது அவர்களுடைய அண்ணன் தம்பிகள் யாராவது இருந்தால், மாலை நாலு மணிக்கு மேல் எப்போது வேண்டுமானாலும் வீட்டுக்கு வாருங்கள். படம் மேசை மேலேயே இருக்கிறது. அந்தப் பையனுக்கு இப்போது அறுபதுதான் ஆகியிருக்கும்.